பொங்கோல் நாலறை வீடு: ஆறரை ஆண்டு குடியிருந்தபின் ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையான பொங்கோலில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய நாலறை வீடு ஒன்றில் 2018 டிசம்பர் முதல் நாங்கள் குடியிருக்கிறோம். வீடு வாங்கியவர்கள் எழுதும் மதிப்பீடுகளில் தரை ஓடும் சமையலறை மேடையும் சன்னல் காற்றும் தவறாமல் இடம்பெறும். அவற்றைப் பற்றி நானும் எழுதுகிறேன். ஆனால் நடுத்தர வருமானமுள்ள ஒரு குடும்பத்துக்கு 290,000 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) இந்த வீடு கிடைத்ததற்கான காரணத்தை வீட்டுக்குள் தேடினால் கிடைக்காது. நாங்கள் விண்ணப்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நகரின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் இந்த மனைக்கு ஒரு நிறம் தீட்டி, அதன்மேல் ஓர் எண்ணை எழுதிவைத்திருந்தார்கள். அந்த நிறத்தையும் எண்ணையும் சேர்த்து எடைபோட்டால்தான் இந்த மதிப்பீடு முழுமையாகும் என்பதால், வீட்டைவிட வரைபடத்துக்கே அதிக இடம் தருகிறேன்.

முதலில் வீடு. நாலறை என்ற கணக்கில் கூடமும் ஓர் அறையாக எண்ணப்படுவதால், கையில் கிடைப்பது மூன்று படுக்கையறைகளும் ஒரு கூடமும்தான். மொத்தப் பரப்பு 92 சதுர மீட்டர். போர்க்காலத்தில் ஒதுங்குவதற்கென்று கனத்த எஃகுக் கதவு போட்ட காப்பறையும் அதற்குள் அடங்கும். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்படும் வீடுகளில் அது சட்டப்படி இருந்தாக வேண்டும். அதன் சுவரை இடிக்க அனுமதியில்லை. எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் நவராத்திரிக் கொலுப் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. வீடு வடக்கு தெற்காக அமைந்திருப்பதால் மாலை வெயில் நேராக விழுவதில்லை; கூடத்துச் சன்னலையும் சமையலறைச் சன்னலையும் திறந்துவைத்தால் பெரும்பாலான நாட்களில் குளிரூட்டி தேவைப்படாது. குறையென்று சொல்ல வேண்டுமானால் சமையலறையைச் சொல்வேன். துணி துவைக்கும் இயந்திரம் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ள, மாவரைக்கும் கிரைண்டருக்கு நிரந்தர இடமில்லாமல் போய்விட்டது. உள்ளலங்காரத்துக்கு நாங்களே அமர்த்திய ஒப்பந்தக்காரரின் வேலை சுமார்தான். அலமாரிக் கதவுகள் இரண்டே ஆண்டில் தொங்கிப்போயின. அது எங்கள் தேர்வில் நேர்ந்த பிழை, வீட்டின் குறையில்லை.

பணக்கணக்கையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் விண்ணப்பித்தோம், குலுக்கலில் கிடைத்த எண்ணைக் கொண்டு பதின்மூன்றாம் மாடியில் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கழகத்திடமே 2.6 விழுக்காட்டு வட்டியில் 25 ஆண்டுக் கடன் பெற்றோம். மாதத் தவணை ஏறத்தாழ 1,180 வெள்ளி. அது முழுவதும் எங்கள் இருவரின் மத்திய சேமநிதிக் கணக்கிலிருந்தே கழிவதால், சம்பளமாகக் கைக்கு வரும் பணத்திலிருந்து வீட்டுக்கென ஒரு வெள்ளிகூட எடுத்ததில்லை. சேமநிதியை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு 1968-இல் வந்தது. மாத வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்ற வரம்பு 2013 முதல் இருக்கிறது. கடன் வாங்கியவன் என்ற முறையில் அந்த வரம்புக்கு நான் நன்றியுள்ளவன். சற்றே பெரிய ஐந்தறை வீட்டின்மீது எங்களுக்கு ஆசை இருந்தது. அந்த வரம்பு எங்களைத் தடுத்தது, மகள் பிறந்து மனைவி ஈராண்டு வேலைக்குப் போகாமல் இருந்தபோது அந்தத் தடையின் அருமை விளங்கியது.

இனி வரைபடம். நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிடும் பெருந்திட்டம் இந்தத் தீவின் ஒவ்வொரு மனைக்கும் ஒரு பயனை வகுக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படுகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து தம் தெருவைப் பார்க்கலாம். குடியிருப்பு மனைகளுக்கு இளம் ஆரஞ்சு நிறம், வணிக மனைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை. குடியிருப்பு மனைமேல் 1.4, 2.8, 3.0 என்பது போன்ற ஓர் எண்ணும் இருக்கும். மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை அந்த எண் சொல்கிறது. 10,000 சதுர மீட்டர் மனைக்கு 3.0 என்றால் எல்லா மாடிகளையும் சேர்த்து 30,000 சதுர மீட்டர் கட்டலாம். பொதுவழி, மின்தூக்கி போன்றவை போக எங்கள் வீட்டைப் போன்ற 250 வீடுகளுக்கு மேல் அதில் அடங்கும். அதே மனைக்கு 1.4 என்று எழுதியிருந்தால் வீடுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும், ஒவ்வொரு வீட்டின் தலையிலும் விழும் நிலவிலை இரட்டிப்பாகும். இரண்டு அல்லது மூன்று மாடிக்கு மேல் எழும்பக்கூடாது என்று வரையறுக்கப்பட்ட தரைவீட்டுப் பகுதிகளும் இதே வரைபடத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு வீட்டின் விலையைக் கேட்டவர்களுக்கு அந்த எண்ணின் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எண்ணைப் பெரிதாக்கினால் வீடு மலிவாகிவிடும் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். நிலம் தனியாரிடம் இருக்கும் நகரங்களில், இரண்டு மாடி கட்டலாம் என்றிருந்த மனைக்கு இருபது மாடி கட்டலாம் என்று அனுமதி கிடைத்த மறுநாளே அந்த நிலத்தின் விலை ஏறிவிடும். கூடுதல் மாடிகளால் வரவேண்டிய நன்மையை, அவற்றில் குடியேறப் போகிறவர்களுக்கு முன்பாக, நிலத்தை வைத்திருந்தவர் எடுத்துக்கொள்வார். சிங்கப்பூரில் அந்தக் கசிவை அடைத்தது நிலவுடைமை. 1960-இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசிடம் இருந்தது. 1985-இல் அது 76 விழுக்காடாகி, இன்று 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. 1966-ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டமும், கடலைத் தூர்த்துப் பெற்ற நிலமும் சேர்ந்து இதைச் செய்தன. அந்தச் சட்டத்தின் கடுமையை மறைப்பது நேர்மையாகாது. நில இழப்பீட்டை 1973 நவம்பர் 30 அன்றைய மதிப்போடு கட்டிப்போட்டு, பல ஆண்டுகள் கழித்து நிலம் எடுக்கப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் பழைய விலையே கிடைக்கும்படி செய்தார்கள். சந்தை விலையில் இழப்பீடு என்ற நிலை 2007-இல்தான் சட்டமானது. பொங்கோலும் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் மீனவக் கிராமங்களும் நிறைந்த ஊர். என் வீட்டு விலையின் ஒரு பங்கை, பெயர் தெரியாத அந்தக் குடும்பங்கள் எனக்கு முன்பே கட்டிவிட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

அந்தக் கடுமைக்குக் காலத்தின் நெருக்கடியும் ஒரு காரணம். 1960 பிப்ரவரி 1 அன்று கழகம் தொடங்கியபோது, முன்பிருந்த காலனித்துவ அறக்கட்டளை 32 ஆண்டுகளில் கட்டிய வீடுகள் 23,000 மட்டுமே. அடுத்த ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீயில் பிடித்த தீ ஒரே நாளில் ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. முதல் ஐந்தாண்டில் கழகம் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. இன்று கழகத்தின் வீடுகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. குடியிருப்போரில் நால்வரில் மூவருக்கும் மேல் அவற்றில்தான் வாழ்கிறார்கள்.

தனியார் நிலத்திலும் வரைபடத்தின் கை நீள்கிறது. ஒரு மனையின் பயன் மாற்றப்பட்டோ, அதன்மேல் எழுதப்பட்ட எண் உயர்த்தப்பட்டோ அதன் மதிப்பு கூடினால், கூடியதில் பெரும்பகுதியை அரசு கட்டணமாக வசூலிக்கிறது. நெடுங்காலமாக மேம்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் இருந்த இது, 2022 ஆகஸ்ட் 1 முதல் நில மதிப்புயர்வுக் கட்டணம் என்ற புதிய சட்டத்தின்கீழ் வந்துள்ளது. அரசு தானே குத்தகைக்கு விட்ட நிலத்தைத் திரும்பப் பெறும்போதும் இதே நியாயம்தான். கெப்பல் கிளப்பின் குழிப்பந்து (கோல்ஃப்) திடல் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது. 48 ஹெக்டர் பரப்புள்ள அந்த இடத்தில் 9,000 வீடுகள் வரும், அவற்றில் 6,000 வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகள் என்று அறிவித்தார்கள். கடலுக்கும் நகர மையத்துக்கும் அருகில் உள்ள ஓர் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பொது வீடுகளுக்கு ஒதுக்கிய அந்த ஒரு முடிவை, நூறு மானியத் திட்டங்களுக்கு மேலாக நான் மதிக்கிறேன்.

வீடு மலிவாக இருந்து, வேலைக்குப் போய்வர நாளுக்கு மூன்று மணி நேரம் ஆகுமானால் அது மலிவான வீடாகாது. இந்த இடத்தில்தான் பொங்கோலுக்கு நான் அதிக மதிப்பெண் தருகிறேன். வடக்கு-கிழக்கு ரயில் பாதை 2003 ஜூனில், இங்கே பெரும்பகுதி வெறும் நிலமாக இருந்தபோதே ஓடத் தொடங்கிவிட்டது. நிலையத்தை ஒட்டிய மனைகளில் அடர்த்தியாகக் கட்டி, தள்ளியிருக்கும் புளோக்குகளை (அடுக்குமாடிக் கட்டடங்களை) எல்ஆர்டி எனும் இலகு ரயில் வளையங்களால் நிலையத்தோடு இணைத்தார்கள். எங்கள் புளோக்கிலிருந்து எல்ஆர்டி நிலையத்துக்கு நான்கு நிமிட நடை. பாதி வழி கூரை போட்ட நடைபாதை. ஒரு பேட்டைக்குப் பொதுவாக 4,000 முதல் 6,000 வீடுகள், அதற்குள் சில நூறு வீடுகள் கொண்ட சிறு தொகுதிகள், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு விளையாட்டிடம், ஒவ்வொரு பேட்டைக்கும் கடைகளும் பள்ளியும் என்ற கணக்கு இந்த நாட்டின் பழைய நகரங்களிலேயே செதுக்கப்பட்டது. அந்தக் கணக்கின் அருமையை என் அம்மா எங்களோடு தங்கியபோது கண்டேன். சாலை ஒன்றைக்கூடக் கடக்காமல் அவர் காய்கறி வாங்கி வந்தார். ஓயாசிஸ் டெரசஸ் கட்டடத்தில் உள்ள பலதுறை மருந்தகத்துக்குத் தனியாகவே போய் வந்தார். மாலையில் 4.2 கிலோமீட்டர் நீள நீர்வழியின் கரையில் நடந்தார். வெள்ளிக்கிழமை பக்கத்து நகரான செங்காங்கில் உள்ள வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயிலுக்குப் பேருந்தில் போனார். கோயிலுக்கும் வரைபடத்தில் மனை உண்டு. வழிபாட்டிடம் என்று குறிக்கப்பட்ட மனைகள் 30 ஆண்டுக் குத்தகைக்கே விடப்படுகின்றன.

கீழ்த்தளத்தையும் இங்கே சொல்ல வேண்டும். புளோக்கின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டிருப்பதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் இடத்தை வீணடிப்பதாக நினைக்கலாம். சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் அங்கே ஒரு மலாய்த் திருமணமும் ஒரு சீனர் வீட்டு இறுதிச் சடங்கும் நடந்தன. வாடகை மண்டபம் தேடி அலைய வேண்டிய செலவை அந்தத் திறந்தவெளி இரு குடும்பங்களுக்கும் மிச்சமாக்கியது. வீட்டுச் செலவைக் கணக்கிடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இத்தனையும் உடனே வந்துவிடவில்லை. பொங்கோல் 21 என்ற திட்டம் 1996-இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடியில் அது தேங்கியது. 2007-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. நாங்கள் குடிவந்தபோதுகூட உணவங்காடி நிலையம் இல்லாமல் காப்பிக் கடைகளையும் பேரங்காடியையும் நம்பியிருந்தோம். ஒன் பொங்கோல் கட்டடத்தில் உணவங்காடி நிலையம் 2022-இல் திறந்தது, வட்டார நூலகம் 2023 தொடக்கத்தில் வந்தது, பொங்கோல் கோஸ்ட் ரயில் நிலையம் 2024 டிசம்பரில் திறந்தது. 50 ஹெக்டரில் எழுந்துவரும் மின்னிலக்க வட்டாரத்தில், ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகப் பயனைக் கட்டிப்போடாமல் வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து நெகிழ்வாக வகுத்திருக்கிறார்கள். அதனால் பல்கலைக்கழகமும் அலுவலகங்களும் ஒன்றோடொன்று கலந்து அமைகின்றன. வேலையிடம் வீட்டருகே வருவது இந்த ஊருக்கு மிக அவசியமாக இருந்தது. காலை எட்டு மணிக்கு நகர மையம் நோக்கிப் போகும் ரயிலில் நின்று பயணம் செய்தவர்கள் அனைவரும் இதை ஒப்புவார்கள்.

விண்ணப்பித்ததிலிருந்து சாவி வாங்கும்வரை நாங்கள் காத்திருந்தது நான்கு ஆண்டுகள். பிடிஓ என்று எல்லோரும் சொல்லும் இந்த முறை 2001-இல் தொடங்கியதற்கு ஒரு பின்னணி உண்டு. நெருக்கடிக்குப் பின் விற்காமல் நின்ற வீடுகள் பல்லாயிரம் சேர்ந்துவிட்டன. அதனால் போதிய விண்ணப்பங்கள் வந்தபின் கட்டுவது என்று முடிவுசெய்தார்கள். வீணாகும் வீடுகள் இல்லை என்பது இதன் பலம். தேவை திடீரென்று எழும்பும்போது உடனே கொடுக்க வீடு இல்லை என்பது இதன் பலவீனம். பெருந்தொற்றுக் காலத்தில் கட்டுமானம் தாமதமானபோது புதுமணத் தம்பதியர் பலர் பெற்றோர் வீட்டு அறையிலேயே வாழ்க்கையைத் தொடங்கினார்கள். 2021 முதல் 2025 வரை 100,000 வீடுகளை விற்பனைக்கு விடும் இலக்கும், மூன்று ஆண்டுக்குள் சாவி கிடைக்கும் திட்டங்களும் பின்னர் வந்தன. வரைபடத்தில் மனை இருந்தால் மட்டும் போதாது, உரிய காலத்தில் அதன்மேல் கட்டத் தொடங்கவும் வேண்டும் என்பதற்கு அந்த ஆண்டுகளே சான்று.

தமிழ் வாசகர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இன ஒருங்கிணைப்புக் கொள்கையைப் பற்றி. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஓர் இனத்தவர் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு உண்டு. இந்தியருக்கும் பிறருக்கும் சேர்த்துப் பேட்டையில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு என்பது 2010-இல் உயர்த்தப்பட்டு வந்த அளவு. எங்கள் மாடியில் நாங்கள் ஒரு தமிழ்க் குடும்பம். எதிர்வீட்டார் சீனர், பக்கத்து வீட்டார் மலாய்க்காரர். மகள் மூன்று வீட்டிலும் சாப்பிட்டு வளர்கிறாள், இதற்கு நான் வைக்கும் மதிப்பு மிகப் பெரிது. ஆனால் இதன் செலவு எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. சீனர் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் உள்ள இந்தியர் தம் வீட்டை விற்க முனைந்தால், அதைச் சீனர் வாங்க இயலாது. வாங்கக்கூடியவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் விலகிவிடுவதால், விலையைக் குறைத்தோ மாதக்கணக்கில் காத்திருந்தோ விற்க நேரிடும். இந்தக் குறை நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. 2022 முதல், நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்துள்ளது. ஒற்றுமைக்கான செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஏற்பாடு அதன் முதல் அடிதான். இன்னும் எளிதாக்கப்பட வேண்டும்.

இப்போது என் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 290,000 வெள்ளிக்கு நாங்கள் வாங்கிய வீட்டைப் போன்ற ஒன்று, எங்கள் புளோக்கிலேயே மறுவிற்பனையில் 600,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டதால் நாங்களும் விற்கலாம். அந்த 300,000 வெள்ளிக்காக நாங்கள் செய்தது என்ன? ரயில் பாதையை அரசு போட்டது. மனைக்கு எண்ணை ஆணையம் எழுதியது. நீர்வழியை வெட்டியது பொதுப்பணம். எங்கள் வீட்டை அடுத்து வாங்கும் இளம் குடும்பம், நாங்கள் பெற்ற சலுகையின் விலையைத் தன் கடனாக எங்களுக்கே செலுத்தும். தஞ்சோங் பகாரில் 50 மாடியும் 1,848 வீடுகளும் கொண்டு 2009-இல் எழுந்த பினக்கிள் என்ற கழகக் குடியிருப்பு இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம்: 2004-இல் 400,000 வெள்ளிக்கும் குறைவாகப் பதிவான நாலறை வீடுகள் இன்று பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டி விற்கின்றன. நாடு முழுவதும் அந்த விலையைத் தாண்டிய மறுவிற்பனைகள் 2024-இல் மட்டும் ஆயிரத்துக்கு மேல். நிலத்தின் மதிப்புயர்வு தனியார் கைக்குப் போகாமல் முதல் விற்பனையில் அடைத்த அதே கசிவு, இரண்டாம் விற்பனையில் திறந்துகொள்கிறது.

அதனால்தான் 2024 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்துள்ள ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்ற வகைப்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். நல்ல இடங்களில் உள்ள பிளஸ், பிரைம் வீடுகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. அதற்கு ஈடாகப் பத்தாண்டுகள் அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு முழுவதையும் ஒருபோதும் வாடகைக்கு விடக்கூடாது, விற்கும்போது விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாங்குபவருக்கும் வருமான வரம்பு உண்டு. இந்த வகையின் முன்னோடியாக 2021 நவம்பரில் ரோச்சோரில் வந்த ரிவர் பீக்ஸ் திட்டத்தில் திருப்பிக் கொடுக்கும் பங்கு 6 விழுக்காடு. அது போதாது என்றே நினைக்கிறேன். பின்வந்த திட்டங்களில் அது உயர்ந்திருப்பது சரியான திசை. எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு நிபந்தனை இருந்திருந்தால் நாங்கள் வாங்கியிருப்போமா என்று மனைவியிடம் கேட்டேன். குடியிருக்கத்தானே வாங்கினோம் என்றாள்.

மறுவிற்பனை விலையை நம்பி வாங்குபவர்கள் 99 ஆண்டுக் குத்தகையை மறந்துவிடுகிறார்கள். கேலாங் லோரோங் 3-இல் 60 ஆண்டுக் குத்தகை முடிந்த 191 தனியார் வரிசை வீடுகள் 2020-இன் கடைசி நாளில் இழப்பீடின்றி அரசிடம் திரும்பின. அந்த இடம் பொது வீடுகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. குத்தகை முடிவு என்பது ஏட்டில் மட்டும் உள்ள விதியன்று என்பதை அன்று பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள். நிலம் மீண்டும் மீண்டும் பொதுக்கைக்கு வந்தால்தான் என் பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கும் வரைபடத்தில் மனை இருக்கும். அந்த வகையில் குத்தகையை நான் ஏற்கிறேன். ஆனால் முதுமையில் வீட்டின் மதிப்பு கரைவதைப் பார்த்திருக்கப் போகும் எங்கள் தலைமுறைக்கு, விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறும் வழிகளை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மரங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டோவரில் 33 ஹெக்டர் காடு 2003 முதல் வரைபடத்தில் குடியிருப்பு நிலம் என்றே இருந்தது. கட்டுமானத் திட்டம் வெளியானபோது பொதுமக்கள் எழுதிக் குவித்த கடிதங்களால், மேற்குப் பாதியை இப்போதைக்கு விட்டுவைத்து, கிழக்குப் பகுதியில் மட்டும் வீடு கட்ட 2021-இல் முடிவானது. வீடு கிடைக்காமல் காத்திருந்தவன் நான். அந்தக் காட்டுக்காக எழுதியவர்களும் சரியானதையே செய்தார்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. குழிப்பந்துத் திடல்கள் இருக்கும்போது காட்டைத் தொடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

இந்த மதிப்பீட்டைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மாதிரி வீட்டைப் பார்ப்பதற்கு முன் பெருந்திட்டத்தைத் திறந்து, நீங்கள் விரும்பும் மனையைச் சுற்றியுள்ள மனைகளின் நிறத்தைப் பாருங்கள். இன்று புல்வெளியாகத் தெரிவது இளம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், சில ஆண்டுகளில் உங்கள் சன்னலுக்கு எதிரே ஒரு புளோக் எழும்பும். அதன்மேல் உள்ள எண் எவ்வளவு அடர்த்தியாக எழும்பும் என்பதையும் சொல்லிவிடும். மஞ்சள் நிற மனையின் பயன் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். நாங்கள் இதைச் செய்ததால்தான், தெற்கே உள்ள காலி மனையில் பள்ளி வரும் என்பதை முன்பே அறிந்து அந்தப் பக்க வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். திருமணமாகாதவர்கள் 35 வயதுக்குப் பின் ஈரறை வீட்டுக்கு 2024 அக்டோபர் முதல் எந்த வட்டாரத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் பலர் இன்னும் அறியவில்லை.

என் அக்காள் மகனுக்கு இந்த ஆண்டு திருமணம். ரயில் நிலையத்தை ஒட்டிய பிளஸ் வீடா, ஐந்தே ஆண்டில் விற்கக்கூடிய தூரத்து ஸ்டாண்டர்ட் வீடா என்று என்னிடம் கேட்டான். பத்தாண்டும் அங்கேயே இருக்கப் போகிறாய் என்றால் பிளஸ் வீட்டுக்கே விண்ணப்பித்துவிடு என்று சொன்னேன். சென்ற வாரம் அவனும் அவன் மணப்பெண்ணும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் பெருந்திட்டத்தைத் திறந்துவைத்து, அந்த மனையைச் சுற்றியுள்ள எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள்.